மாண்ட்ரியல் 2024 உலக ஃபிகர் ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதக்கப் பட்டியலை மட்டும் பார்த்தால் மாண்ட்ரியலில் நடந்ததில் பாதிதான் தெரியும். ஒவ்வொரு பிரிவிலும் இரண்டு ஆட்டங்கள், இரண்டு மதிப்பெண்கள், கடைசியில் ஒரு கூட்டுத்தொகை. இந்தப் போட்டியின் சுவையே அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கிறது. அதனால் கீழே உள்ள பதில்களில் முடிந்தவரை இரண்டு நாள் மதிப்பெண்களையும் தனித்தனியாகக் கொடுத்திருக்கிறேன்.

போட்டி எங்கே, எப்போது நடந்தது?

கனடாவின் மாண்ட்ரியல் நகரில், பெல் சென்டர் அரங்கில், 2024 மார்ச் 20 முதல் 23 வரை. மாண்ட்ரியல் கனடியன்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் சொந்த அரங்கம் அது. 2020 மார்ச்சிலேயே இதே நகரில் உலகப் போட்டி நடந்திருக்க வேண்டியது. கொரோனா பரவியதால் கடைசி நேரத்தில் ரத்தானது. மாண்ட்ரியல் ரசிகர்கள் நான்கு வருடம் காத்திருந்து பார்த்த போட்டி இது.

யார் யாருக்குப் பதக்கம்?

ஆண்கள் பிரிவில் அமெரிக்காவின் இலியா மலினின் 333.76 புள்ளிகளுடன் தங்கம் வென்றார். ஜப்பானின் யூமா ககியாமாவுக்கு வெள்ளி (309.65), பிரான்ஸின் ஆடம் சியாவ் ஹிம் ஃபாவுக்கு வெண்கலம் (284.39).

பெண்கள் பிரிவில் ஜப்பானின் கவோரி சகமோட்டோ தங்கம் (222.96), அமெரிக்காவின் இசபோ லெவிட்டோ வெள்ளி (212.16), தென்கொரியாவின் கிம் சே-யோன் வெண்கலம் (203.59).

ஜோடிகள் பிரிவில் கனடாவின் டியானா ஸ்டெல்லாட்டோ-டூடெக், மாக்சிம் தெஷாம் ஜோடி 221.56 எடுத்து முதலிடம். ஜப்பானின் ரிக்கு மியூரா, ரியூச்சி கிஹாரா 217.88. ஜெர்மனியின் மினெர்வா ஹாஸே, நிகிதா வோலோதின் 210.40. கடைசி ஜோடிக்கு இது சேர்ந்து ஆடிய முதல் சீசன் என்பதை நினைவில் வைத்தால் அந்த வெண்கலத்தின் எடை புரியும்.

ஐஸ் டான்ஸில் (ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடும் பனி நடனப் பிரிவு) அமெரிக்காவின் மேடிசன் சாக், இவான் பேட்ஸ் 222.20 புள்ளிகளோடு பட்டத்தைத் தக்கவைத்தார்கள். கனடாவின் பைப்பர் கில்ஸ், பால் பொரியே 219.68. இத்தாலியின் சார்லேன் கின்யார்ட், மார்கோ ஃபாப்ரி 216.52.

ஒரே போட்டியில் எதற்கு இரண்டு ஆட்டங்கள்?

முதல் ஆட்டம் ஷார்ட் புரோகிராம். ஏறத்தாழ 2 நிமிடம் 40 விநாடி. என்னென்ன தாவல், என்னென்ன சுழல் இருக்க வேண்டும் என்று விதி வரையறுத்திருக்கும். இரண்டாவது ஃப்ரீ ஸ்கேட், ஏறத்தாழ 4 நிமிடம். இங்கே ஆடுபவருக்குக் கூடுதல் சுதந்திரம், கூடுதல் புள்ளி. ஐஸ் டான்ஸில் இதையே ரிதம் டான்ஸ், ஃப்ரீ டான்ஸ் என்பார்கள். தனிநபர் பிரிவுகளில் முதல் 24 பேர்தான் இரண்டாவது ஆட்டத்துக்குப் போக முடியும். ஜோடிகளிலும் ஐஸ் டான்ஸிலும் முதல் 20.

ஷார்ட் புரோகிராமில் சறுக்கினால் சரிசெய்ய இடம் குறைவு. ஃப்ரீ ஸ்கேட்டில் ஒரு தாவல் போனாலும் அடுத்ததில் ஈடுகட்டலாம், ஆனால் கால்கள் தளரத் தொடங்கும். ஒன்று பதற்றத்தைச் சோதிக்கிறது, மற்றது மூச்சைச் சோதிக்கிறது.

முதல் நாள் முன்னிலையில் இருந்தவர்கள்தானே வழக்கமாக ஜெயிப்பார்கள்?

மாண்ட்ரியலில் தனிநபர் பிரிவுகளில் அப்படி நடக்கவில்லை. இந்தப் போட்டியைப் பற்றிப் பேச எனக்குப் பிடித்த விஷயமே இதுதான்.

ஆண்கள் பிரிவில் ஷார்ட் புரோகிராமுக்குப் பிறகு முதலிடத்தில் இருந்தவர் ஜப்பானின் ஷோமா ஊனோ, 107.72. ககியாமா 106.35, மலினின் 105.97. மூவருக்கும் நடுவில் இரண்டு புள்ளிகூட இல்லை. பெண்களில் பெல்ஜியத்தின் லூனா ஹென்ட்ரிக்ஸ் 76.98 எடுத்து முன்னிலை. கடைசியில் ஊனோவும் நான்காம் இடம், ஹென்ட்ரிக்ஸும் நான்காம் இடம். முதல் நாள் உச்சியில் இருந்த இருவருமே பதக்கமில்லாமல் திரும்பினார்கள்.

ஜோடிகளிலும் ஐஸ் டான்ஸிலும் கதை தலைகீழ். அங்கே முதல் நாள் முன்னிலை பெற்றவர்கள்தான் தங்கம் வென்றார்கள். ஆனால் இரண்டாம் நாள் ஆட்டத்தை வென்றவர்கள் அவர்கள் இல்லை! ஃப்ரீ ஸ்கேட்டில் மியூரா, கிஹாரா 144.35, ஸ்டெல்லாட்டோ-டூடெக், தெஷாம் 144.08. ஃப்ரீ டான்ஸில் கில்ஸ், பொரியே 133.17, சாக், பேட்ஸ் 132.12. இரண்டு பிரிவிலும் இரண்டாம் நாளின் வெற்றியாளர் வெள்ளியோடு நின்றார். ஷார்ட்டில் கிடைத்த 77.48-ம், ரிதம் டான்ஸில் கிடைத்த 90.08-ம்தான் தங்கத்தைக் காப்பாற்றின.

மலினின் வாங்கிய 227.79 ஏன் அவ்வளவு பேசப்பட்டது?

அது ஃப்ரீ ஸ்கேட்டுக்கு மட்டும் கிடைத்த புள்ளி. அன்றைக்கு உலக சாதனை. அதற்கு முன் 2019-ல் டூரினில் நேதன் சென் எடுத்த 224.92 தான் சாதனையாக இருந்தது.

19 வயது மலினின் அன்று ஆறு குவாட் தாவல்கள் செய்தார். குவாட் என்றால் காற்றில் நான்கு சுற்று. தாவல் வகைப்படி ஆக்சல், லூப், சல்கோவ், டோ லூப் ஒவ்வொன்று, லுட்ஸ் இரண்டு. ஒரு குவாட் லுட்ஸை ஆட்டத்தின் பின்பாதியில், ஒரு டிரிபிள் (மூன்று சுற்று) தாவலோடு கோத்துச் செய்தார். ஃப்ரீ ஸ்கேட்டின் கடைசி மூன்று தாவல்களுக்கு அடிப்படை மதிப்பில் (அந்தத் தாவலுக்கு விதி முன்கூட்டியே வைத்திருக்கும் புள்ளி) 10 சதவீதம் கூடுதல் உண்டு. களைத்த காலோடு செய்வதற்கான கூலி அது. ஆட்டம் முடிந்ததும் தலையில் கைவைத்துக்கொண்டு, தான் செய்ததைத் தானே நம்ப முடியாதவர்போல நின்றார்.

அவருடைய அம்மா தாத்தியானா மலினினா, அப்பா ரோமன் ஸ்கோர்னியாகோவ் இருவருமே உஸ்பெகிஸ்தானுக்காக ஆடிய ஸ்கேட்டர்கள். பயிற்சி கொடுப்பவர்களும் அவர்கள்தான். 2023 சைத்தாமா உலகப் போட்டியில் மலினினுக்கு வெண்கலம். ஒரே வருடத்தில் இரண்டு படி ஏறி, இரண்டாம் இடத்தவரை 24 புள்ளிக்கு மேல் தள்ளி நிறுத்திவிட்டார்.

குவாட் ஆக்சலில் மட்டும் அப்படி என்ன கஷ்டம்?

மற்ற ஐந்து வகைத் தாவல்களிலும் ஸ்கேட்டர் பின்னோக்கிச் சறுக்கியபடி எழும்புவார், பின்னோக்கியே இறங்குவார். ஆக்சலில் மட்டும் முன்னோக்கிப் பார்த்தபடி எழும்ப வேண்டும். இறங்குவது பின்னோக்கித்தான். அதனால் அரைச் சுற்று கூடுதலாகிறது. குவாட் ஆக்சல் என்றால் நாலரைச் சுற்று.

அந்தக் கணத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். இடது பாதம் பிளேடின் வெளிவிளிம்பில் சாய்ந்து முன்னே வழுக்குகிறது. முழங்கால் ஆழமாக மடங்குகிறது. பின்னாலிருந்து வலது கால் வீசி எழும்போது உடல் மேலே போகிறது. உடனே கைகள் மார்போடு ஒட்டுகின்றன, கால்கள் பின்னிக்கொள்கின்றன. ஒரு விநாடிகூட இல்லாத அந்த நேரத்துக்குள் நாலரைச் சுற்றும் முடிந்து, வலது கால் பிளேடின் பின்பக்க வெளிவிளிம்பு ஒன்றே ஒன்று முழு எடையையும் வாங்கிக்கொள்ள வேண்டும். கைகளைச் சற்றுத் தாமதமாக மூடினால் சுற்று முடியாது, சற்று முன்னால் திறந்தால் விழுந்துவிடுவார்.

போட்டியில் இதை முதலில் சரியாகச் செய்து காட்டியவர் மலினின்தான், 2022 செப்டம்பரில் லேக் பிளாசிடில். இதன் அடிப்படை மதிப்பு 12.50. மூன்றரைச் சுற்று டிரிபிள் ஆக்சலுக்கு 8.00.

19-ஆவது இடத்திலிருந்து வெண்கலமா? எப்படி?

சியாவ் ஹிம் ஃபா அந்த ஜனவரியில்தான் கௌனாஸில் ஐரோப்பியப் பட்டம் வென்றிருந்தார். மாண்ட்ரியலுக்குப் பதக்க எதிர்பார்ப்போடு வந்தவர். ஷார்ட் புரோகிராம் கைவிட்டது. 77.49 புள்ளி, 19-ஆவது இடம். 24 பேர் மட்டுமே முன்னேறும் போட்டியில் இன்னும் கொஞ்சம் சறுக்கியிருந்தால் வெளியேற்றமே.

ஃப்ரீ ஸ்கேட்டில் தரவரிசையில் பின்தங்கியவர்கள்தான் முதலில் ஆடுவார்கள். ஆகவே அவர் முதல் குழுவிலேயே இறங்கினார். 206.90 எடுத்தார். பிறகு உட்கார்ந்து காத்திருக்க வேண்டியதுதான். அவருக்குப் பின் இன்னும் மூன்று குழுக்கள், 18 பேர். ஒவ்வொருவராக வந்து அவருக்குக் கீழேயே நின்றார்கள். கடைசியில் அவரைத் தாண்டியது மலினினும் ககியாமாவும் மட்டும்தான். ஃப்ரீ ஸ்கேட்டை மட்டும் எடுத்தால் ககியாமாவின் 203.30-ஐயும் அவர் தாண்டியிருந்தார். அன்றைய ஆட்டத்தில் இரண்டாம் இடம் அவருக்கே.

தங்கப் பதக்கத்தைவிட இந்த வெண்கலத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். இழக்க இனி ஒன்றுமில்லை என்ற நிலையில் நிறைய பேர் தளர்ந்துபோவார்கள். அவர் தன் வாழ்நாளின் மிகச் சிறந்த ஆட்டங்களில் ஒன்றை ஆடினார்.

சியாவ் ஹிம் ஃபா ஃப்ரீ ஸ்கேட்டில் போட்ட பின்புறக் கரணத்துக்கு அபராதம் விதித்தார்களாமே?

ஆம், 2 புள்ளி பிடித்தம். அப்போது பின்புறக் கரணம் தடைசெய்யப்பட்ட அசைவு. 1976 ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் டெர்ரி குபிக்கா செய்த பிறகு தடை வந்தது. 1998 நகானோ ஒலிம்பிக்கில் பிரான்ஸின் சூரியா பொனாலி, தடை தெரிந்தே, கரணமடித்து ஒற்றைக் காலில் இறங்கினார். அந்தக் காட்சியை யாரும் மறக்கவில்லை.

சியாவ் ஹிம் ஃபாவுக்கும் நான்காம் இடம் பெற்ற ஊனோவுக்கும் வித்தியாசம் 3.54 புள்ளி மட்டுமே. அதுவும் 2 புள்ளியைத் தெரிந்தே விட்டுக்கொடுத்த பிறகு. வேறொரு தாவலில் ஒரு சறுக்கல் நேர்ந்திருந்தால் அந்தக் கரணமே பதக்கத்தைப் பறித்திருக்கும். மூன்றே மாதத்தில், 2024 ஜூனில், சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் தடையை நீக்கியது. 2024-25 சீசனிலிருந்து கரணத்துக்கு அபராதம் இல்லை. சரியான முடிவு என்பதே என் கருத்து.

சகமோட்டோ குவாட் எதுவும் செய்வதில்லையே, பிறகு எப்படி மூன்று முறை தொடர்ந்து பட்டம்?

குவாட் மட்டுமில்லை, டிரிபிள் ஆக்சலும் அவரிடம் இல்லை. அவரிடம் இருப்பது வேகம். அவருடைய டபுள் ஆக்சலை (இரண்டரைச் சுற்று) ஒருமுறை பார்த்தால் போதும். பனித்தளத்தின் குறுக்கே அவ்வளவு தூரம் பறந்து, இறங்கிய பிறகும் வேகம் குறையாமல் ஓடுவார். நடுவர்கள் ஒவ்வொரு அசைவுக்கும் மைனஸ் 5 முதல் பிளஸ் 5 வரை தர மதிப்பு கொடுக்கிறார்கள். ஒவ்வொரு படியும் அடிப்படை மதிப்பில் 10 சதவீதம். எல்லா அசைவிலும் இப்படிச் சேர்ந்தால் எளிய தாவலும் கனக்கத் தொடங்கும்.

மாண்ட்ரியலில் ஷார்ட் புரோகிராமுக்குப் பின் அவர் நான்காம் இடத்தில் இருந்தார், 73.29. ஃப்ரீ ஸ்கேட்டில் 149.67. லெவிட்டோ இரண்டாம் நாள் எடுத்தது 138.43. பதினோரு புள்ளி இடைவெளி.

2022 மான்பெல்லியே, 2023 சைத்தாமா, 2024 மாண்ட்ரியல் என்று மூன்று பட்டங்கள் தொடர்ந்து. பெண்கள் பிரிவில் இதற்கு முன் இப்படிச் செய்தவர் அமெரிக்காவின் பெக்கி ஃப்ளெமிங், 1966 முதல் 1968 வரை.

ஹென்ட்ரிக்ஸுக்கு என்ன ஆயிற்று?

ஃப்ரீ ஸ்கேட்டில் தாவல்கள் கைகொடுக்கவில்லை. 123.27 மட்டுமே வந்தது, மொத்தம் 200.25. ஆறாம் இடத்திலிருந்து ஏறிவந்த கிம் சே-யோன் அவரை முந்தினார். ஜனவரியில் பெல்ஜியத்துக்கு முதல் பெண்கள் ஐரோப்பியப் பட்டத்தைக் கொண்டுவந்தவர் ஹென்ட்ரிக்ஸ். அவருக்காக வருந்தாதவர் அன்று அரங்கில் குறைவாகவே இருந்திருப்பார்கள்.

40 வயதில் உலக சாம்பியன் என்பது உண்மையா?

உண்மை. டியானா ஸ்டெல்லாட்டோ-டூடெக் 1983 ஜூனில் பிறந்தவர். ஃபிகர் ஸ்கேட்டிங்கில் உலகப் பட்டம் வென்ற பெண்களிலேயே வயதில் மூத்தவர் அவர்தான்.

வயதைவிட வியப்பானது அவர் வந்த வழி. 2000-ஆம் ஆண்டு உலக ஜூனியர் போட்டியில், தனிநபர் பிரிவில், அமெரிக்காவுக்காக வெள்ளி வாங்கினார். இடுப்புக் காயங்கள் விடவில்லை. பதின்பருவத்திலேயே விலகினார். அழகுக்கலைத் துறையில் வேலை பார்த்தார். பதினாறு வருடம் பனியில் போட்டியே இல்லை. பிறகு வேலையிடத்துக் கூட்டம் ஒன்றில், தோல்வியே வராது என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒரு கேள்வி வந்தது. ஒலிம்பிக் தங்கம் வெல்வேன் என்று அவர் வாயிலிருந்து தானாகவே பதில் வந்ததாம். 2016-ல் மறுபடி ஸ்கேட்டைக் கட்டினார், இந்த முறை ஜோடிப் பிரிவில். 2019-லிருந்து தெஷாமோடு சேர்ந்து கனடாவுக்காக ஆடுகிறார்.

ஜோடிப் பிரிவென்றால் தலைக்குமேல் தூக்குவது உண்டு, வீசியெறிந்து தாவச் செய்வதும் உண்டு. விழுந்தால் விழுவது அந்தப் பெண்தான். அதை 40 வயதில், சொந்த ரசிகர்கள் முன்னால், தங்கத்துக்காகச் செய்வது சாதாரணக் காரியம் இல்லை.

அமெரிக்கர் எப்படிக் கனடாவுக்காக ஆடலாம்?

உலகப் போட்டியில் ஜோடியில் ஒருவர் அந்த நாட்டுக் குடிமகனாக இருந்தாலே போதும். ஒலிம்பிக்கில் மட்டும் இருவருமே குடிமக்களாக இருக்க வேண்டும். ஸ்டெல்லாட்டோ-டூடெக் 2024 டிசம்பரில் கனடியக் குடியுரிமை பெற்றார்.

மியூரா, கிஹாரா ஜோடி நடப்புச் சாம்பியன்களாயிற்றே?

ஆம், 2023-ல் சைத்தாமாவில் வென்றவர்கள். ஆனால் கிஹாராவின் இடுப்பு முதுகெலும்பில் பிரச்சினை வந்ததால் மாண்ட்ரியலுக்கு முந்தைய மாதங்களில் பெரும்பாலும் ஆட முடியவில்லை. அப்படியிருந்தும் மாண்ட்ரியலில் ஃப்ரீ ஸ்கேட்டை வென்றிருக்கிறார்கள். வெள்ளி என்று எழுதும்போது இதையும் சேர்த்து எழுத வேண்டும்.

மதிப்பெண்ணை யார், எப்படிப் போடுகிறார்கள்?

இரண்டு குழுக்கள். தொழில்நுட்பக் குழு, செய்யப்பட்ட தாவல் எது, சுற்று முழுமையா, விளிம்பு சரியா என்று தீர்மானிக்கும். சந்தேகம் என்றால் வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்க்கும். கால் சுற்றுக்கு மேல் குறைந்தால் அடிப்படை மதிப்பு 80 சதவீதமாகிவிடும். அரைச் சுற்று குறைந்தால் குவாட் என்பது டிரிபிளாகவே கணக்கிடப்படும்.

இன்னொரு பக்கம் ஒன்பது நடுவர்கள் தர மதிப்பு போடுவார்கள். ஒவ்வொன்றிலும் அதிகபட்ச மதிப்பெண்ணையும் குறைந்தபட்ச மதிப்பெண்ணையும் எடுத்துவிட்டு, மீதி ஏழின் சராசரிதான் கணக்கு. அதோடு ஆட்டத்தின் அமைப்பு, வழங்கிய விதம், ஸ்கேட்டிங் திறன் ஆகிய மூன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று தனியாக. ஆண்களின் ஃப்ரீ ஸ்கேட்டில் அந்த மூன்றின் கூட்டலை 3.33-ஆல் பெருக்குவார்கள். பெண்களுக்கு 2.67. கீழே விழுந்தால் 1 புள்ளி பிடித்தம், விழுந்த தாவலின் தர மதிப்பு போவது வேறு.

முன்பெல்லாம் 6.0 என்ற உச்ச மதிப்பெண் முறை இருந்தது. 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக் ஜோடிப் பிரிவில் நடுவர் முறைகேடு வெடித்து, இரண்டு ஜோடிகளுக்குத் தங்கம் கொடுக்க நேர்ந்தது. அதற்குப் பிறகு வந்ததுதான் இன்றைய முறை. குறை இல்லாத முறை இல்லை. ஆனால் எந்தத் தாவலில் எத்தனை புள்ளி போயிற்று என்று ரசிகரும் தாளை வைத்துப் பார்க்க முடிகிறது. 6.0 காலத்தில் அது முடியாது.

குவாட் இல்லாமல் ஆண்கள் பிரிவில் இனி இடமே இல்லையா?

மாண்ட்ரியலில் ஐந்தாம் இடம் அமெரிக்காவின் ஜேசன் பிரவுனுக்கு. அவர் ஆட்டத்தில் குவாட் கிடையாது. பிளேடு பனியில் எழுப்பும் சத்தமே கேட்காத அளவுக்கு மென்மையான ஸ்கேட்டிங்கும், ஒவ்வொரு இசைக்குறிப்புக்கும் பதில் சொல்லும் உடலும் அவரை அங்கே கொண்டுபோயின. தங்கத்துக்குப் போதாது, உண்மைதான்.

ரஷ்ய ஸ்கேட்டர்கள் ஏன் இல்லை?

உக்ரைன் மீதான படையெடுப்பைத் தொடர்ந்து 2022 மார்ச்சிலிருந்து ரஷ்யாவையும் பெலாரஸையும் சேர்ந்தவர்களைச் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் தன் போட்டிகளில் சேர்க்காமல் இருந்தது. மாண்ட்ரியல் போட்டியின்போதும் அந்தத் தடை இருந்தது.

பதக்கம் வராத நாடுகளுக்கு இந்த முடிவுகளால் என்ன?

நிறைய இருக்கிறது. அடுத்த வருடம் ஒரு நாடு எத்தனை பேரை அனுப்பலாம் என்பதை இந்த இடங்கள்தான் முடிவு செய்கின்றன. ஒரே ஒருவரை அனுப்பிய நாடாக இருந்தால், அவர் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் அடுத்த முறை மூன்று பேர், முதல் பத்துக்குள் வந்தால் இரண்டு பேர். இரண்டோ மூன்றோ பேர் ஆடியிருந்தால், சிறந்த இருவரின் இடங்களைக் கூட்டினால் 13-க்குள் வர வேண்டும், அப்போது மூன்று இடம். அதனால்தான் பத்தாம் இடம் பிடித்த ஒருவர் தங்கம் வென்றவரைப் போலக் குதிப்பதைப் பார்க்கிறோம். ஊரில் இன்னொருவருக்கு வாசல் திறந்திருக்கிறது.

மாண்ட்ரியலுக்குப் பிறகு இவர்களுக்கு என்ன ஆயிற்று?

2022, 2023 இரண்டு வருடமும் உலக சாம்பியனாக இருந்த ஊனோ, 2024 மே மாதம் ஓய்வை அறிவித்தார். மாண்ட்ரியல் ஷார்ட் புரோகிராமின் 107.72 அவர் கடைசியாக உலகப் போட்டியில் முன்னிலை பெற்ற எண். சாக்கும் பேட்ஸும் அந்தக் கோடையில் திருமணம் செய்துகொண்டார்கள்.

2025 மார்ச்சில் பாஸ்டனில் நடந்த உலகப் போட்டியில் மலினினும், சாக், பேட்ஸ் ஜோடியும் பட்டத்தைத் தக்கவைத்தார்கள். சகமோட்டோவின் தொடர் வெற்றி அங்கே முடிந்தது. 16 வயதில் விலகி மீண்டும் வந்த அமெரிக்காவின் அலிசா லியூ தங்கம் வென்றார், சகமோட்டோவுக்கு வெள்ளி. ஜோடிப் பிரிவில் மியூராவும் கிஹாராவும் பட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள். இரண்டாம் இடத்து ஹாஸே, வோலோதினுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு புள்ளிகூட இல்லை.